வசீரானி ஐயாவுக்கு எண்ணூரிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய டி.ஜி. வசீரானி ஐயா அவர்களுக்கு,

எண்ணூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிற ஆசிரியை நான். வீடு திருவொற்றியூரில். இந்திய நீர்வண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியவை எங்கள் வகுப்பறைக்குள் வந்து வெகுநாளாகிவிட்டது. அதற்காக யாரும் உங்களுக்குத் தமிழில் ஒரு வரி நன்றி எழுதியதாக என் கண்ணில் படவில்லை. பொதுவில் சொல்ல வேண்டிய நன்றி என்று பட்டதால், எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

உங்களை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் வெளியீடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு வசீரானி என்ற பெயர் பழக்கமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைத்த நீச்சல்வண்டுகளைப் பற்றி 1950களின் தொடக்கத்தில், இரண்டு புதிய இனங்களின் விவரணத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். அது ஒரு நீண்ட தொடருக்கு முதல் பகுதியானது. 1960களின் கடைசியிலும் 1970இலும் இந்திய நீச்சல்வண்டுகளின் உட்குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீர்செய்து 'ஓரியண்டல் இன்செக்ட்ஸ்' இதழில் வெளியிட்டார். 1977இல் கீழ்த்திசை நாடுகளின் நீச்சல்வண்டுகள் அனைத்துக்கும் ஒரு பட்டியல். 1984இல் 'ஃபானா ஆஃப் இந்தியா' வரிசையில் சுழல்வண்டுகளுக்கும் ஹாலிப்ளிடே என்கிற சிறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு நூல். வெள்ளைக்காரர் காலத்து 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' வரிசையில் மரவண்டுக்கும் இலைவண்டுக்கும் தொகுதிகள் வந்தன. நீச்சல்வண்டுக்கு வரவே இல்லை. அந்தக் காலி இடத்தை நிரப்பியவர் இவர்.

ஐயா, நான் நன்றி சொல்வது புதிய இனங்களுக்குப் பெயர் வைத்ததற்காக என்று யாராவது நினைத்தால், பாதிதான் சரி. பெயர் வைக்க ஒரு நிமிடம் போதும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நாங்கள் வைப்பதில்லையா? நான் நன்றி சொல்வது விவரணத்துக்காக. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தலையில் புள்ளிகள் இப்படி, முதுகின் உறைச்சிறகில் வரிகள் இத்தனை, ஆணின் முன்காலில் ஒட்டுறிஞ்சிகள் இப்படி, பிடித்த ஊர் எது, மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அலங்காரமே இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அதற்காக. அந்த எழுத்து என்னிடம் 'நம்பு' என்று ஒருபோதும் கேட்டதில்லை. 'பார்த்துக்கொள்' என்றுதான் சொன்னது. நான் வாழ்கிற ஊரில் அது எவ்வளவு அரிது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வண்டு எங்களிடம் வந்த கதை. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட இரவுகளில் எண்ணூர் விரைவுச்சாலையின் உயர்கம்ப விளக்குகளுக்குக் கீழே வண்டுகள் விழும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள், நடுவே டயர் ஏறிய பள்ளங்களில் மழைத்தண்ணீர். மறுநாள் காலை பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலில் நாலைந்து போட்டுக்கொண்டு வருவார்கள். "டீச்சர், இது இன்னா டீச்சர்?" என்பது முதல் கேள்வி. "கடிக்குமா டீச்சர்?" என்பது இரண்டாவது.

இரண்டாவதற்கு என்னிடம் பதில் இருந்தது. முதிர்ந்த வண்டு பெரும்பாலும் கடிக்காது. அதன் புழுவைக் கையில் எடுத்தால் கடிக்கும். அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு தாடைகளைச் செருகி, செரிமான நீரை உள்ளே விட்டு, இரையை உள்ளுக்குள்ளேயே கரைத்து உறிஞ்சிக் குடிக்கும் ஜந்து அது. கொசுப்புழுவையும் அப்படித்தான் தின்னும். வாரந்தோறும் புகைமருந்து அடிக்கிற தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் வண்டின் மேல் மரியாதை வந்துவிட்டது.

முதல் கேள்விக்குப் பாடநூல் உதவவில்லை. தெரிந்த பேராசிரியர் ஒருவர் உங்கள் கட்டுரைகளின் நகலைக் கொடுத்தார். பெயர்கள் அடங்கிய 1977 பட்டியல் அரசு வெளியீடு. இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் கையிலுள்ள வண்டை இனங்காண உதவும் 'கீ' அட்டவணைகள் 'ஓரியண்டல் இன்செக்ட்ஸ்' கட்டுரைகளில் இருக்கின்றன. இன்று அந்த இதழைப் படிக்க டாலரில் பணம் கட்ட வேண்டும். இந்தியக் குளத்து வண்டை இந்தியர் ஒருவர் இந்தியாவில் உட்கார்ந்து விவரித்ததைப் படிக்க எண்ணூர்ப் பிள்ளை டாலர் கட்ட வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் மேல் குறையில்லை, ஐயா. சொல்லாமல் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அட்டவணையோடு உட்கார்ந்தபோதுதான் வண்டைப் பார்ப்பது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கும் எனக்கும் புரிந்தது. பாட்டிலுக்குள் ஓடும்போதே முதல் பிரிவு தெரியும். நீச்சல்வண்டு பின்னங்கால் இரண்டையும் ஒருசேர உதைத்து நீந்தும். அதைப் போலவே இருக்கும் இன்னொரு குடும்பத்து நீர்வண்டு காலை மாற்றி மாற்றிப் போடும், தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி. மூச்சு வாங்க மேலே வரும்போது முன்னது வாலைத் தூக்கும், பின்னது தலையைத் தூக்கும். இவ்வளவும் லென்ஸ் இல்லாமலே தெரிகிறது. இதற்குப் பிறகு லென்ஸ் வேண்டும்: பின்காலில் நகம் ஒன்றா இரண்டா, உறைச்சிறகின் ஓரத்தில் முள் உண்டா, முதுகில் கோடுகள் எத்தனை. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில்தான். ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்லும். தவறான வழியில் போனால் நாலாவது எண்ணில் வண்டு முட்டிக்கொள்ளும். திரும்பி வந்து மறுபடி பார்க்க வேண்டும். வகுப்பில் எப்போதும் வாயைத் திறக்காத ஒரு பையன் இந்த விளையாட்டில் எல்லோரையும் முந்தினான். மதிப்பெண்ணுக்கு இதில் இடமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெருவிளக்கடியில் மிக எளிதாகக் கிடைப்பது மங்கிய மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் கரும்பொடி தூவியது போன்ற புள்ளிகளோடு, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும் எரெட்டீஸ். மழைக்குட்டைக்கென்றே பிறந்த வண்டு. குட்டை வற்றுவதற்குள் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாக் கட்டத்தையும் அவசர அவசரமாக முடித்துவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு குட்டை வற்றும் தறுவாயில் இந்த வண்டுகள் கூட்டமாக ஒரே நேரத்தில் எழுந்து பறந்துபோனதை 1985இல் ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

உங்கள் தலைமுறையில் இந்த வண்டு பெரும்பாலும் எரெட்டீஸ் ஸ்டிக்டிகஸ்தான். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767இல் வைத்த பெயர். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் பரவிய ஒரே இனமாக அதைக் கருதிவந்தார்கள். 2002இல் கெல்லி மில்லர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் பல நாட்டு மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்து, ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் உட்பட எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது நான்கு இனங்கள் என்று காட்டினார். அந்த நான்கில் ஒன்று எரெட்டீஸ் கிரிசியஸ். நம் பக்கத்து வண்டுக்கு இன்று பெரும்பாலும் எழுதப்படும் பெயர் அதுதான். மில்லர் புதிதாகச் சூட்டியதும் இல்லை அது. 1781இல் ஃபாப்ரீசியஸ் வைத்து, பிறகு மற்றவர்கள் தேவையில்லை என்று ஒதுக்கிய பெயர்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "அப்ப வசீரானி சார் சொன்னது தப்பா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. எந்த வண்டைப் பார்த்தோம், அதில் எதைப் பார்த்தோம், அது எங்கே இருக்கிறது என்று எழுதிவைப்பவர்களின் முடிவைத்தான் பின்னால் வருகிறவர் திருத்த முடியும். எதையும் எழுதாமல் தீர்ப்பு மட்டும் சொன்னவரைத் திருத்தவும் முடியாது, நம்பவும் முடியாது. அவளிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "சரிபார்க்க வழி வெச்சிட்டுப் போனாரும்மா" என்றேன்.

ஃபாப்ரீசியஸ் என்றதும் நம் கடற்கரை ஞாபகம் வருகிறது. லின்னேயஸின் மாணவரான யோஹன் கெர்ஹார்ட் கோனிக் என்கிற மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். டேனிஷ்காரர்களிடம் வேலை, பிறகு ஆற்காடு நவாபிடம், பிறகு கிழக்கிந்தியக் கும்பினியிடம். 1785இல் இறக்கும்வரை இந்தக் கரையில் செடியும் பூச்சியும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அங்கே அவற்றில் பலவற்றுக்குப் பெயரிட்டவர், அவரைப் போலவே லின்னேயஸிடம் படித்த ஃபாப்ரீசியஸ். தம் வாழ்நாளில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பூச்சியினங்களுக்குப் பெயரிட்டவர் அவர். அவருடைய விவரணங்கள் இரண்டு மூன்று வரி இலத்தீனோடு முடிந்துவிடும். அந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வண்டு என்று சொல்வது கடினம். அவர் கையில் இருந்த மாதிரிகளில் பல இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் ஊசியில் நிற்பதால்தான் அந்தப் பெயர்களுக்கு உயிர். நூறாண்டு கழித்து, பிரான்சின் எவ்ரோ நகரில் மருத்துவம் பார்த்துக்கொண்டே நீர்வண்டுகளை ஆராய்ந்த டாக்டர் மோரிஸ் ரெஜிம்பார், 1899இல் இந்தியா முதல் மலேயா வரையிலான நீச்சல்வண்டுகளை மொத்தமாகச் சீர்செய்தார். அவருக்கு அடுத்து இந்த வேலையை இந்தியாவிலேயே, இந்திய மாதிரிகளை வைத்துச் செய்தவர் நீங்கள். கோனிக் பிடித்தார், ஃபாப்ரீசியஸ் எழுதினார். பிடிப்பதும் எழுதுவதும் ஒரே நாட்டில் நடக்க இருநூறு வருடம் ஆகிவிட்டது.

ரெஜிம்பாரின் பெயரைத் தாங்கிய ஒரு வண்டுப் பேரினம் உண்டு: ரெஜிம்பார்ட்டியா. அதில் ஒன்று, ரெஜிம்பார்ட்டியா அட்டெனுவேட்டா, இந்தியாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. 2020இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் ஷின்ஜி சுகியுரா இந்த வண்டைத் தவளைக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். விழுங்கப்பட்ட வண்டுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், சில மணி நேரத்தில், தவளையின் பின்வழியாக உயிரோடு வெளியே வந்து நீந்திப் போயின. கால்களை மெழுகால் ஒட்டிவிட்டால் வரவில்லை. அதாவது தானாக வந்து விழுவதில்லை, காலை உதைத்து வழி தேடி வருகிறது. இதைச் சொன்ன அன்று வகுப்பு அடங்க அரைமணி நேரமானது. இவ்வளவு வேடிக்கையான உண்மைக்கும் அடியில், 1801இல் ஃபாப்ரீசியஸ் எழுதிய அந்த இரண்டு வரி விவரணம் கிடக்கிறது. எந்த வண்டு என்று சொல்லாமல் அந்தச் சோதனையை யாரும் திரும்பச் செய்ய முடியாது.

புதிய இனம் ஒன்றை விவரிப்பதில் எத்தனை வேலை என்பது வெளியே தெரிவதில்லை. செய்தித்தாளில் 'புதிய வண்டு கண்டுபிடிப்பு' என்று நாலு வரி வரும். யாரோ காட்டுக்குள் போனார்கள், பார்த்தார்கள், கைதட்டினார்கள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். புதியது என்று சொல்வது சுலபம். எதிலிருந்து வேறுபட்ட புதியது என்று சொல்வதுதான் வேலை. அதற்கு ஏற்கெனவே விவரிக்கப்பட்ட நெருங்கிய உறவுகள் எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இலத்தீனிலும் சிதறிக்கிடக்கும் பழைய எழுத்தைத் தேட வேண்டும். சந்தேகம் வந்தால் பாரிஸிலோ இலண்டனிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் மூல மாதிரியைப் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வண்டின் வயிற்றைத் திறந்து, அதைவிடச் சிறிய உறுப்பை வெளியே எடுத்து, துப்புரவாக்கி, பக்கவாட்டில் ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை வரைய வேண்டும். பிறகு ஒரே ஒரு வண்டை ஹோலோடைப், அதாவது அந்த இனத்தின் மூல மாதிரி, என்று தேர்ந்து, சிவப்புச் சீட்டுக் குத்தி, பொதுக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். ஊசிக்கடியில் ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சின்னஞ்சிறு சீட்டு இல்லையென்றால் அந்த வண்டு, காகிதம் இல்லாமல் யார்டில் கிடக்கும் கன்டெய்னர்தான். உள்ளே என்ன இருந்தாலும் நகராது.

இந்த வேலைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். தென் அமெரிக்காவில் வெனிசுவேலாவின் அமேசோனாஸ் மாநிலத்தில், பாறைமேல் வழிந்தோடும் ஓர் அருவியில், பால் ஸ்பாங்லர் என்கிற ஸ்மித்சோனியன் ஆய்வாளர் 1980களில் மிகச்சிறிய வண்டு ஒன்றைச் சேகரித்தார். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அது எந்தக் குடும்பத்திலும் அடங்கவில்லை. ஸ்பாங்லரும் வாரன் ஸ்டைனரும் சேர்ந்து 2005இல்தான் அதன் விவரணத்தை வெளியிட்டார்கள். மெரு ஃபில்லிசே என்று பெயரிட்டு, அதற்காகவே மெருயிடே என்று புதிய குடும்பம் ஒன்றையும் உண்டாக்கினார்கள். ஃபில்லிஸ் என்பது ஸ்பாங்லரின் மனைவி பெயர். இருபது ஆண்டுக் காத்திருப்பு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2012இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள்: ஓர் உயிரினத்தின் மாதிரி முதன்முதலில் சேகரிக்கப்படுவதற்கும் அதன் விவரணம் வெளியாவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன. பெட்டிக்குள் அத்தனை நாள் கிடக்கக் காரணம் சோம்பல் இல்லை. விவரிக்கத் தெரிந்த ஆள் குறைவு. அந்த ஆளை வேலைக்கு வைக்க எந்த நாட்டுக்கும் அவசரமும் இல்லை.

இனி என் ஊர்க் கதைக்கு வருகிறேன், ஐயா. இந்த நன்றி ஏன் எண்ணூரிலிருந்து வருகிறது என்பதற்கு அதுதான் காரணம்.

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் எங்கள் கழிமுகம் இருக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்கள் அதில் இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அதில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. அதை வாளியால் அள்ளியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கேடுகள். என்னை அதிகம் உறுத்தியது காகிதத்தில் நடந்த ஒன்று. 1996இல் ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்ட கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. பின்னாளில் வெளிவந்த வரைபடமொன்றில் அதன் பெரும்பகுதியைக் காணோம். 2017இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டபோது ஊரே சிரித்தது. சிரித்த பிறகு பயந்தது. ஆறே இல்லை என்றால் அங்கே எதை வேண்டுமானாலும் கட்டலாமே.

அந்த வரைபடம் 'நம்பு' என்று சொல்கிற ஆவணம். எங்கே நின்று அளந்தார்கள், யார் அளந்தார்கள், எதை ஆறு என்று எண்ணினார்கள் என்பது அதில் இல்லை. எங்கள் வட்டாரத்தைப் பற்றிய அறிக்கைகளில் நான் படித்துப் பார்த்த சிலவற்றில் நீர்வாழ் பூச்சிகளுக்கு ஒரு வரி இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. மீன், நண்டு, பறவைக்குப் பட்டியல் இருந்தாலும், பார்த்தவர் யார், எந்த மாதத்தில், மாதிரி எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. மூன்று மில்லிமீட்டர் வண்டுக்கு நீங்கள் காட்டிய நேர்மையை ஓர் ஆற்றுக்குக் காட்டியிருந்தால் போதும், எங்கள் ஊர்ப் பிரச்சினையில் பாதி எழுந்திருக்காது. மிகை போலத் தெரியலாம். இரண்டையும் படித்தவள் சொல்கிறேன்.

எண்ணெய் பற்றி இன்னும் ஒன்று. வானத்தில் பறக்கும் நீர்வண்டு தண்ணீரைக் கண்டுபிடிப்பது, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் ஒருவித ஒழுங்கை வைத்து. படுகிடையாக முனைவாக்கம் பெற்ற ஒளி என்று பாடத்தில் சொல்வோம். கறுத்த எண்ணெய்ப் படலம் தண்ணீரைவிட வலுவாக அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு, சிவப்புக் கார்களின் கூரையும் அப்படியே. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத்தும் கூட்டாளிகளும் இதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்: தண்ணீர் என்று நம்பி நீர்ப்பூச்சிகள் எண்ணெய்க் குட்டையில் இறங்கிச் சாகின்றன, கார்மேல் முட்டையிடுகின்றன. ஏற்றுமதிக் கார்கள் வரிசைகட்டி நிற்கும், தெருவெல்லாம் டீசல் படலம் மின்னும் எங்கள் வட்டாரத்தில், பறக்கிற ஒரு வண்டுக்கு எது தண்ணீர் என்று தெரிவது எளிதில்லை. அதையும் தாண்டிப் பிழைத்து வருவதைத்தான் பிள்ளைகள் பாட்டிலில் கொண்டுவருகிறார்கள். பார்த்த பிறகு தியாகராயர் கோயில் குளத்துப் பக்கமோ, பள்ளிக்குப் பின்னால் தேங்கிய மழைநீரிலோ விட்டுவிடுகிறோம்.

அவற்றில் புதிய இனம் ஏதாவது இருக்குமா என்று பிள்ளைகள் ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறார்கள். "பேரு வெக்காத பூச்சிகூட இருக்குதா டீச்சர்?" இருக்கிறது. உலகத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட நீச்சல்வண்டுகள் நாலாயிரத்துக்கும் மேல். ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகின்றன. நீங்கள் விட்ட இடத்திலிருந்து இந்தியாவில் வேலை தொடர்கிறது. 2018இல் புணேயைச் சேர்ந்த சாயலி சேத்தும் ஹேமந்த் காட்டேயும், பிராகா தேசிய அருங்காட்சியகத்தின் யிர்ஜி ஹாயெக்கும் சேர்ந்து மகாராஷ்டிரத்திலிருந்து மட்டும் கோபிலேட்டஸ் பேரினத்தில் மூன்று புதிய இனங்களை விவரித்தார்கள். உங்கள் 1970 கட்டுரையைக் கடக்காமல் இந்தியக் கோபிலேட்டஸைப் பற்றி யாரும் ஒரு வரி எழுத முடியாது. அவர்களும் கடந்துதான் வந்தார்கள். வடசென்னையின் ஏரிகளிலும் தேங்குநீரிலும் யாராவது அப்படித் தேடிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று நான் ஆரூடம் சொல்ல மாட்டேன். பார்க்காத வரையில் கிடைக்காது என்று மட்டும் சொல்வேன்.

1984 நூலுக்குத் தனியாக ஒரு நன்றி. சுழல்வண்டின் கண்கள் இரண்டாகப் பிரிந்திருப்பதையும், மேல்பாதி காற்றையும் கீழ்ப்பாதி தண்ணீரையும் பார்ப்பதையும் எங்கள் பிள்ளைகள் படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நாலு கண் பூச்சி என்று தலைப்பு. கீழே உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, நூல் வெளிவந்த ஆண்டையும் போட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை ஒன்று இருக்கிறது, நான் திருத்தவில்லை.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். வடசென்னைக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளே, மழைக்காலத்தில் ஒரு விளக்கும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். முதுகலை மாணவர் ஒருவரையாவது இந்தப் பக்கம் அனுப்புங்கள். சேகரித்ததைச் சாந்தோமில் இருக்கும் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். புதிய இனம் கண்டால் அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே வைக்க வேண்டும் என்று 2002இன் பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. பொதுப்பணத்தில் செய்த பழைய ஆய்வுகளை மறுபதிப்புச் செய்யும் அதிகாரம் உள்ளவர்களே, வசீரானியின் அட்டவணைகளைப் பிள்ளைகள் பணம் கட்டாமல் படிக்க வழி செய்யுங்கள்.

எண்ணூரைப் பற்றி இனி அறிக்கை எழுதப்போகும் நிறுவனங்களே, நிபுணர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 'நீர்ப்பூச்சிகள் காணப்படுகின்றன' என்று முடித்துவிடாதீர்கள். எந்த இனம், எந்த இடம், எந்தத் தேதி, யார் பார்த்தது, எந்த அட்டவணையைக் கொண்டு இனங்கண்டது, மாதிரி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். நாங்கள் வந்து சரிபார்ப்போம்.


திருவொற்றியூரிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை